சென்னை டூ ஏலகிரி: க்ரூஸர் பைக்கில் வலது பக்கப் பைதான் சிக்கலே!

சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமாக ஒரு டீக்கடையில் நின்றால் போதும். இருட்டு விலகும் முன்பே பைக்குகள் மேற்கே கிளம்பிவிடும். ஸ்போர்ட்ஸ் பைக்குகள் சீறிக்கொண்டு போகும். க்ரூஸர்கள் அப்படியல்ல. சீட் தாழ்ந்து, ஹேண்டில்பார் உயர்ந்து, ஓட்டுபவர் கால்களை முன்னால் நீட்டி, ஈஸி சேரில் சாய்ந்ததுபோல நிதானமாகப் போகும். ராயல் என்ஃபீல்டு மீட்டியார், பஜாஜ் அவெஞ்சர், இன்னும் விற்க மனம் வராத பழைய தண்டர்பேர்டு என எல்லாமே அந்த வரிசையில் இருக்கும்.

அந்த வண்டிகளின் பின் சக்கரத்துக்கு இரு பக்கமும் தொங்குகிறதே பை, அதுதான் சாடில் பேக். குதிரைச் சேணத்தில் தொங்கவிட்ட பைதான் பைக்குக்கு வந்திருக்கிறது. நமக்கும் புதுசில்லை. பொதிமாட்டின் முதுகிலும் கழுதையின் முதுகிலும் இரு பக்கமும் சரிசமமாக மூட்டை தொங்கவிட்ட ஊர்தானே இது! ஒரு பக்கம் எடை கூடினால் கழுதை நின்றுவிடும். பைக் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜி.பி. ரோட்டில் ஒரு பாடம்

சென்னையில் சாடில் பேக் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் போய் நிற்பது அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில். ஊரார் வாயில் அது ஜி.பி. ரோடு. சீட் கவர், ஹாரன், கண்ணாடி, கார் ஸ்டீரியோ, பைக் லைட் என வண்டிக்கு வேண்டிய அத்தனையும் கிடைக்கும். பழைய உதிரிபாகம் வேண்டுமென்றால் பக்கத்திலேயே புதுப்பேட்டை.

அங்கே ஒரு கடை வாசலில் மீட்டியாரோடு ஒரு இளம் தம்பதி. இரண்டு நாள் லீவில் ஏலகிரி போகத் திட்டம். கணவருக்கு பழுப்பு நிறத் தோல் பை மீது கண். வெள்ளி நிற பக்கிள், தொங்கும் வார், ஹாலிவுட் படத்தில் வருவதுபோலவே இருக்கிறது. மனைவி பையைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார்.

“ஏங்க, பை இங்க தொங்குனா நான் காலை எங்க வைக்கிறது?”

கணவரிடம் பதில் இல்லை. உள்ளே சீட் கவர் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். “தம்பி, பையை வைப்பா அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல நீ ஏறி உக்காரு. நீயும் ஏறி உக்காரும்மா. வண்டி எவ்ளோ இறங்குது பாரு.”

இருவரும் ஏறியதும் பின்பக்க ஷாக் அப்ஸார்பர் அழுந்தி, மட்கார்டு சக்கரத்தை நோக்கி இறங்கியது. காலியாக நிற்கும் வண்டியில் பின் ஸ்விங் ஆர்முக்கு மேலே ஒரு கை அகலம் இடைவெளி காட்டிய பை, இரண்டு பேர் ஏறியதும் விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் அந்த விரல் அகலமும் இருக்காது.

பெரியவர் செய்து காட்டியதுதான் சாடில் பேக் வாங்குவதில் முதல் பரீட்சை. நிறம், பிராண்டு, பாக்கெட் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் ஊர் வண்டிகளுக்கு இன்னொரு தனிக் கதையும் உண்டு. இடது பக்கம் சாரி கார்டு இருக்கும். பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 123-வது விதி சொல்கிறது. புடவைக்காக வந்த இந்தக் கம்பி, இடது பக்கப் பைக்கும் நல்ல காவல். பை உள்பக்கம் சாய்ந்தாலும் கம்பியில் முட்டி நிற்கும், சக்கரத்துக்குள் போகாது.

வலது பக்கம்? அங்கே கம்பி இல்லை, சைலன்ஸர் இருக்கிறது. மீட்டியார் 350, அவெஞ்சர், தண்டர்பேர்டு எல்லாவற்றிலும் சைலன்ஸர் வலதுபுறம்தான். ஆக, இடது பையைத் தாங்க ஆள் உண்டு. வலது பைக்கு உள்ளே சுழலும் சக்கரம், கீழே கொதிக்கும் குழாய். சூப்பர் மீட்டியார் 650-ல் இரு பக்கமும் சைலன்ஸர் என்பதால் இரண்டு பையையுமே வலது பையாக நினைத்துக்கொள்வது நல்லது.

இதற்கு மருந்து ‘சாடில் ஸ்டே’ எனப்படும் இரும்புக் கம்பிச் சட்டம். பை சக்கரத்தின் பக்கமோ சைலன்ஸர் பக்கமோ சாயாமல் பிடித்துக்கொள்ளும். வண்டி கம்பெனியே தன் மாடலுக்கென்று விற்பதும் உண்டு, வெளியில் செய்து தருபவர்களும் உண்டு. எதுவானாலும் அது வண்டியின் ஃபிரேமில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். இண்டிகேட்டர் தண்டில் கட்டிவிட்டு அனுப்பும் கடைகளும் இருக்கின்றன. அங்கே வாங்காமல் திரும்புவது உத்தமம். சாரி கார்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஸ்டே மாட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அதற்கும் தலையாட்டக் கூடாது. பையைக் காப்பாற்றப் போய் ஆளைக் கோட்டை விடுகிற வேலை அது.

மாட்டிய பிறகு பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். இண்டிகேட்டர், டெயில் லேம்ப், நம்பர் பிளேட் மூன்றும் தெரிகிறதா? க்ரூஸர்களில் இண்டிகேட்டர் சரியாகப் பை தொங்கும் இடத்தில்தான் துருத்திக்கொண்டிருக்கும். பை மறைத்தால், லாரி டிரைவருக்கு நீங்கள் திரும்புவதே தெரியாது.

மனைவியின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டுமே! இடது பக்கம் பை மாட்டிய வண்டியில் ஒரு பக்கமாக உட்கார முடியாது. இரு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்து, குதிகால் பையில் இடிக்காமல் ஃபுட்ரெஸ்ட்டில் முழுப் பாதம் பதிந்தால்தான் அந்தப் பை அந்த வண்டிக்குச் சரி. புடவையிலேயே போகும் அம்மாவை நாளை கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டிய வீடு என்றால், நொடியில் கழற்றக்கூடிய பையே வசதி.

தோலா, ரெக்ஸினா, கேன்வாஸா?

சீட்டின் மேல் போட்டு இரு பக்கமும் தொங்கவிடுவது ஒரு வகை. விலை குறைவு, கழற்றுவது சுலபம். ஆனால் அசையும். ஃபிரேமோடு போல்ட் போட்டுப் பூட்டுவது இன்னொரு வகை. அசையாது, ஆனால் அறைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பூட்டு வைத்த பெட்டி மூன்றாவது வகை. மழைக்கும் திருட்டுக்கும் அதுதான் பலம் என்றாலும், க்ரூஸரின் அழகைப் பாதியாக்கிவிடும் என்று முகம் சுளிப்பவர்கள் நிறைய. அழகுக்காகத்தானே க்ரூஸரே வாங்குகிறார்கள்!

‘லெதர்’ என்று சொல்லி விற்பதில் பெரும்பங்கு ரெக்ஸின். புதிதில் பளபளக்கும். சில கோடையும் சில மழையும் பார்த்ததும் மேல்தோல் செதில் செதிலாக உரியும். லைட்டரால் கொளுத்திக் காட்டும் வித்தையெல்லாம் தேவையில்லை. வாரின் வெட்டிய ஓரத்தையும் பையின் உள்பக்கத்தையும் பார்த்தால் போதும். அசல் தோலின் ஓரத்தில் நார் நாராக இருக்கும், உள்பக்கம் சொரசொரக்கும். ரெக்ஸினில் துணியும் மேலே ஒட்டிய படலமும் தெரியும்.

சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்க்காரர்கள், வருடம் முழுக்க பையை வண்டியிலேயே விட்டுவைக்கப் போகிறார்கள் என்றால், தோலை மறந்துவிட்டு கெட்டியான கேன்வாஸோ நைலானோ வாங்குவதே புத்திசாலித்தனம். உப்புக்காற்றும் ஈரமும் தோலுக்கும் ஆகாது, பக்கிளுக்கும் ஆகாது. பயணம் முடிந்ததும் கழற்றித் துடைத்து வைக்கும் பொறுமை இருப்பவருக்குத்தான் தோல் பை. அந்தப் பொறுமை இருந்தால் அது பத்து வருடம் தாண்டியும் உழைக்கும்.

பை பிறந்த வழி

இந்தச் சாலையின் விசேஷமே அதுதான். வண்டியும் பையும் பிறந்த ஊர்கள் ஒரே பாதையில் வருகின்றன. ஸ்ரீபெரும்புதூருக்குத் தெற்கே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள். திருவொற்றியூரில் ஆரம்பித்த தயாரிப்பு இப்போது இந்தப் பக்கம் விரிந்து நிற்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி வார்களை ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், முதல் 30 கிலோமீட்டர் அதிர்வில் பை கொஞ்சம் உட்காரும், வார் தளரும். வார் நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தால் சுருட்டிச் செருகிவிட வேண்டும். ஒரு சாண் வார் பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. நிறுத்திப் பார்க்க ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.

வாலாஜா, ராணிப்பேட்டை வந்ததும் காற்றில் ஒரு வாடை வரலாம். தோல் பதனிடும் ஊர். இங்கிருந்து பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டி இதே தொழில்தான். உப்பு போட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கி, சதை வழித்து, பிறகு பதனிடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான் மருந்து. அப்படி மரப்பட்டைச் சாறில் வாரக்கணக்கில் ஊறி வந்த தோல் ‘ஈ.ஐ. லெதர்’ என்ற பெயரில் கப்பலேறியது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. குரோமியம் உப்பு வந்த பிறகு அதே வேலை சில நாள்களில் முடிகிறது. அந்தத் தோல் முதலில் நீல நிறத்தில் இருக்கும், பிறகுதான் சாயம் ஏற்றுவார்கள்.

பை வாங்குபவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். பட்டைச் சாறில் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும். காலிப் பையும் தொங்கிப்போகாது. வருடங்கள் ஓட ஓட நிறம் ஆழமாகி அழகு கூடும். ஆனால் தண்ணீர்த் துளி பட்டால் கறை. குரோம் தோல் மிருதுவானது, நனைந்தாலும் ஓரளவு தாங்கும், ஆனால் மெல்லியதாக இருந்தால் வடிவம் நிற்காது. அடிக்கடி மழையில் ஓட்டுபவர்கள் கெட்டியான குரோம் தோலையும், வெயில் காலப் பயணிகள் பட்டைத் தோலையும் கேட்டு வாங்கலாம்.

வாலாஜாவைத் தாண்டி பாலாற்றுப் பாலத்தில் ஏறினால் பெரும்பாலான மாதங்களில் கீழே தெரிவது மணலும் முள்செடியும்தான். தண்ணீர் இல்லாதது ஒரு கதை, இருந்த தண்ணீர் கெட்டது இன்னொரு கதை. தோல் தொழிற்சாலைக் கழிவு ஆற்றிலும் நிலத்திலும் கலந்து, கிணறுகள் பாழாகி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதித்த தீர்ப்பு அது. இந்தத் தொழிலால் சாப்பிடும் குடும்பங்களும் இதே கரையில்தான், கிணற்றை இழந்த குடும்பங்களும் இதே கரையில்தான். ஒரு தோல் பை இவ்வளவையும் சுமந்துகொண்டு வருகிறது. இரண்டே வருடத்தில் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போவதற்காக அதை வாங்குவதில் அர்த்தமில்லை.

இடது பையில் என்ன, வலது பையில் என்ன?

நம் சாலையில் வண்டி இடது ஓரம் ஒதுங்கும். சைடு ஸ்டாண்டும் இடது பக்கம். அதனால் இடது பைதான் பாதுகாப்பாகத் திறக்கும் பை. வலது பையைத் திறக்க நின்றால் முதுகுக்குப் பின்னால் பேருந்துகள் பறந்துகொண்டிருக்கும். ஆகவே ரெயின்கோட், தண்ணீர், டூல்ஸ், பஞ்சர் கிட், முதலுதவிப் பெட்டி எல்லாம் இடது பக்கம். இரவு அறைக்குப் போய்த்தான் எடுக்கப் போகிற துணிமணி வலது பக்கம்.

சைலன்ஸர் பக்கத்துப் பைக்குள் சூடு ஏறும். ஸ்டே மாட்டியிருந்தாலும் ஏறும். அந்தப் பையில் பவர் பேங்க், வாசனை ஸ்பிரே, மாத்திரை, முக்கியமாக இன்சுலின் வைக்கவே கூடாது. ஆற்காடு மக்கன் பேடா வாங்கினால் அதுவும் இடது பக்கம்தான்! பாட்டிலில் பெட்ரோல் நிரப்பிப் பையில் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. எந்தப் பக்கத்திலும் அதற்கு இடமில்லை.

கனமான பொருள் பையின் அடியில், சீட்டை நோக்கி முன்பக்கம் இருக்க வேண்டும். பின்னால் போகப்போக ஹேண்டில்பார் லேசாகி, வேகத்தில் வண்டி வாலாட்டும். இரு பையின் எடையும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்று பார்க்க தராசு வேண்டாம், இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெட்ரோலோடு சேர்த்து மீட்டியார் 350 மட்டுமே 191 கிலோ. இரண்டு பேர், இரண்டு பை என்றால் பின் டயரில் காற்றை மேனுவலில் சொன்ன அளவுக்கு ஏற்றி, பின் ஸ்பிரிங்கையும் டூல் கிட் ஸ்பேனரால் ஒன்றிரண்டு நிலை இறுக்க வேண்டும். இறுக்கினால் வண்டி அழுந்துவது குறையும்.

ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தாமல் யாரும் போவதில்லை. மணக்க மணக்கச் சாப்பிட்டு வெளியே வரும்போது பை இருக்க வேண்டுமே! நொடியில் கழற்றலாம் என்பது திருடனுக்கும் பொருந்தும். அனுபவசாலிகள் சாடில் பேக்குக்குள் ஒரு துணிப்பையோ வாட்டர்ப்ரூஃப் பையோ போட்டு, அதில்தான் சாமான் அடுக்குவார்கள். சாப்பிடப் போகும்போது உள்பையை உருவிக்கொண்டால் வெளியே நிற்பது வெறும் கூடு. மழைக்கும் இந்த உள்பைதான் நிஜக் காவல். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று அட்டையில் போட்டிருக்கும் பைகள் பலவற்றில் துணி நனையாது, தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். தனியாக வரும் ரெயின் கவர் பளிச்சென்ற மஞ்சளிலோ ஆரஞ்சிலோ இருந்தால் மழையில் பின்னால் வருபவருக்கும் கண்ணில் படும். கவரின் எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் மட்டும் மாட்ட வேண்டாம், பறந்து சக்கரத்தில்தான் விழும்.

வாணியம்பாடி தாண்டித் திருப்பத்தூர் பாதையில் திரும்பினால் பொன்னேரி. திருவள்ளூர் பக்கத்துப் பொன்னேரி அல்ல, இது ஏலகிரி அடிவாரம். சென்னையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். இங்கே மறுபடி ஒரு முறை வாரை இழுத்துப் பார்த்துவிட்டு ஏற வேண்டும். மேலே 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயரை வளைவுகளுக்கு வைத்திருக்கிறார்கள். பாரி வளைவைச் சுற்றுகிறோம், கபிலர் வளைவைச் சுற்றுகிறோம் என்று பின்னால் உட்கார்ந்திருப்பவர் படித்துக்கொண்டே வரலாம். ஓட்டுபவருக்கு அந்தச் சலுகை இல்லை.

க்ரூஸர் நீளமான வண்டி. வளைவில் பெரிய வட்டம் கேட்கும். பின்னால் எடை வேறு. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, நடுவில் கிளட்ச் பிடிக்காமல், சீராகத் திருப்ப வேண்டும். பை மாட்டிய வண்டியின் அகலம் கண்ணாடியில் தெரியாது. எதிரே பேருந்து வரும்போது ‘ஹேண்டில்பார் நுழைந்துவிட்டது, வண்டி நுழைந்துவிடும்’ என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வராமல், ஏறிய கியரிலேயே இறங்கலாம்.

ஜி.பி. ரோட்டுத் தம்பதி கடைசியில் வாங்கியது தோல் பை அல்ல, கழற்றி மாட்டும் சாம்பல் நிறக் கேன்வாஸ் ஜோடி. வலது பக்கத்துக்கு ஒரு ஸ்டே. பை வாங்கிய காசில் கணிசமான பங்கு அந்த இரும்புக்கே போனது. “கம்பிக்கா இவ்ளோ?” என்று கணவர் முணுமுணுத்தார். “கம்பிக்குத்தாங்க குடுக்கணும்” என்றார் மனைவி.

வீட்டுக்கு வந்த பிறகு

தோல் பை வைத்திருப்பவருக்கு உண்மையான வேலை திரும்பி வந்த அன்றுதான் ஆரம்பம். சோப்புத் தூள் வேண்டாம், குழாயடியில் கழுவவும் வேண்டாம். ஈரத்துணியைப் பிழிந்து தூசியைத் துடைத்து, மூடியைத் திறந்துவிட்டு, ஃபேன் காற்றில் நிழலில் காயவிட வேண்டும். நனைந்திருந்தால் உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் ஈரத்தை உறிஞ்சும், வடிவமும் கெடாது. மொட்டை மாடி வெயிலில் போட்டால் அப்பளம் மாதிரி விறைத்து வெடிக்கும். ஹேர் டிரையரும் அதே வேலையைத்தான் செய்யும்.

நன்றாகக் காய்ந்த பிறகு லெதர் கண்டிஷனரை மெல்லிய துணியில் தொட்டு, மிகக் கொஞ்சமாகத் தேய்த்து, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் உலர்ந்த துணியால் துடைக்கலாம். அடிக்கடி ஓட்டுபவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்தால் தாராளம். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை ஊற்றுவோர் உண்டு. நிறம் கருத்து, தோல் தளர்ந்து, தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு ஷூ பாலிஷ் இன்னும் மோசம். பை பளபளக்கும், பின்னால் உட்காருபவரின் சுடிதாரில் பட்டையாகக் கறை விழும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரணில் போட்டால், தை மாதம் எடுக்கும்போது வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். பழைய தலையணை உறையே தோல் பைக்கு நல்ல வீடு, காற்றும் போகும், தூசியும் படியாது. பூஞ்சை வந்துவிட்டால் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, பாதி வினிகர் பாதி தண்ணீர் கலந்து, முதலில் தெரியாத ஒரு மூலையில் தொட்டுப் பார்த்து, நிறம் போகாவிட்டால் மற்ற இடத்தையும் துடைத்துக் காயவிடலாம்.

கடைசியாக வார்களைப் பார்க்க வேண்டும். பை கிழிவது அபூர்வம், வார் தையல் விடுவதுதான் வழக்கம். பக்கிள் ஊசி நுழையும் ஓட்டை நீண்டிருக்கிறதா, வளையத்துக்குப் பக்கத்தில் நூல் ஒரு கண்ணி விட்டிருக்கிறதா என்று விரலால் தடவினாலே தெரியும். அதற்காக ஜி.பி. ரோடு வரை போக வேண்டியதில்லை. தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் மெழுகு நூலும் ஊசியும் இருக்கும். இரட்டைத் தையல் போடச் சொல்லி, வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்று, பக்கிளை ஒரு முறை பலமாக இழுத்துப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.